வேலை இழந்த கட்டடங்கள்

மதில் சூழ்ந்த நகரங்கள் – 14: ஃபெஸ், மொராக்கோ

கடந்த இதழில் 1276ஆம் ஆண்டில் நின்றிருந்தோம். மரீனிய சுல்தான் அபூ யூசுஃப் யாகூப், பழைய ஃபெஸ் நகரத்தாரோடு ஒட்டி உறவாட விருப்பமில்லாமல், மேற்கே மேட்டில் தனக்கென்று ஓர் அரசு நகரம் கட்டிக்கொண்டார். அரண்மனையும் படையும் அங்கே போயின. கடைத்தெரு, கல்வி, தொழில் எல்லாம் பள்ளத்து ஊரிலேயே தங்கிவிட்டன. அன்றிலிருந்து ஃபெஸ் இரண்டு ஊர். ஆள்பவர் ஓர் ஊரிலும் ஆளப்படுபவர் இன்னோர் ஊரிலுமாக நூற்றாண்டுகள் ஓடின. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் அடிக்கடி தேவைப்படும்.

இந்த முறை சுல்தான்களின் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு நடக்கலாம். வழிகாட்டி வேண்டாம். ஒரு முழுப் பகல், நல்ல செருப்பு, கையில் தண்ணீர் போதும். வழியில் வரும் அருங்காட்சியகங்களில் ஒன்றுகூட அருங்காட்சியகமாகக் கட்டப்பட்டதில்லை. கோட்டை, விருந்தினர் மாளிகை, வணிகர் சத்திரம், மாணவர் விடுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலை முழுதாகவோ பாதியாகவோ போன பிறகுதான் கண்ணாடிப் பெட்டியோ நுழைவுச்சீட்டோ வந்தது. ஒவ்வொரு வாசலிலும் இந்த வேலை எப்போது போயிற்று, யாரால் போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். மொராக்கோ தன் அதிகாரத்தை இழந்த கதை அந்தப் பதில்களிலேயே இருக்கிறது.

தொடக்கம் உயரத்தில் இருக்கட்டும். வாடகைக் கார் பிடித்து வடக்குக் குன்றின் மேலுள்ள போர்ஜ் நோர் கோட்டைக்குப் போய்விட்டால் பிறகு எல்லாமே இறக்கம்தான். காலையில் அங்கிருந்து பார்த்தால் பழைய ஊர் முழுவதும் கீழே கிண்ணத்துக்குள் கிடப்பதுபோலத் தெரியும். கரவிய்யீன் மசூதியின் பச்சை ஓட்டுக் கூரைகளை இங்கிருந்தே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கிய பிறகு அந்தப் பெரிய கட்டடம் கண்ணுக்கே படாது. நான்கு பக்கமும் கடைகள் அதை ஒட்டி அப்பிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கோட்டையை 1582இல் கட்டியவர் ஸஅதி வம்சத்து அஹ்மத் அல்-மன்சூர். அவர் அரியணை ஏறியதே ஒரு போர்க்களத்தில். 1578 ஆகஸ்ட் 4 அன்று வடக்கே கஸ்ர் அல்-கபீர் அருகே நடந்த சண்டையில் மூன்று அரசர்கள் ஒரே நாளில் மாண்டார்கள்: படையெடுத்து வந்த போர்த்துகல் மன்னன் செபஸ்தியான், அவனை அழைத்து வந்த முன்னாள் சுல்தான் அல்-முதவக்கில், எதிர்த்து நின்ற சுல்தான் அப்துல் மலிக். கடைசி இருவரும் சித்தப்பன், அண்ணன் மகன் உறவு. தம்பி அல்-மன்சூருக்கு அன்றைக்கே பட்டம் கிடைத்தது. பிடிபட்ட போர்த்துகீசியப் பிரபுக்களின் மீட்புத் தொகையால் கஜானாவும் நிறைந்தது. தோற்றவர்களின் கட்டட முறையையும் வென்றவர் எடுத்துக்கொண்டார். அம்பு முனைபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கொத்தளங்கள் மொராக்கோவின் பழைய பாணியைச் சேர்ந்தவை அல்ல, போர்த்துகீசியர் தங்கள் கடற்கரைக் கோட்டைகளில் கட்டிய வகை.

கோட்டை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து பாருங்கள். ஊருக்கு வெளியே வரும் பகைவனைவிட ஊருக்குள் இருக்கும் மக்கள்தான் அதன் பீரங்கிகளுக்கு வாகான இலக்கு. காரணம் இருந்தது. ஸஅதிகளின் தலைநகர் மராக்கேஷ். ஃபெஸ் நகரத்தார் அவர்களை மனமார ஏற்றதில்லை. 1549இல் நகரம் அவர்கள் கைக்கு வந்தும், 1554இல் பழைய வத்தாஸி வம்சத்து அபூ ஹஸ்ஸூன், அல்ஜியர்ஸின் உதுமானியத் துருக்கியர் துணையோடு திரும்பி வந்து சில மாதங்கள் ஆண்டுவிட்டார். மறுபடியும் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் வடக்குக் குன்றில் ஒரு கோட்டை, தெற்குக் குன்றில் இன்னொன்று. நகரத்தின் தலைக்கு மேல் நின்று நகரத்தையே காவல் காத்தன இரண்டும்.

1963 முதல் இது ஆயுத அருங்காட்சியகம். வாள், குறுவாள், வெள்ளி இழைத்த நீள்குழல் துப்பாக்கி என்று அறை அறையாக அடுக்கியிருக்கிறார்கள். ஐந்து மீட்டர் நீளமும் 12 டன் எடையும் கொண்ட ஒரு பீரங்கியைக் காட்டி, அந்த மூன்று அரசர் போரிலேயே முழங்கியது என்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுபவை, கீழே மக்கினா என்ற ஆயுதச் சாலையோடு தொடர்புடைய துப்பாக்கிகள். ஐரோப்பா நெருங்கி வந்துகொண்டிருந்த 1886இல், சுல்தான் முதலாம் ஹசன் இத்தாலிய அதிகாரிகளை வரவழைத்து அந்தச் சாலையை நிறுவினார். நாமே துப்பாக்கி செய்தால் நாமே தப்பிக்கலாம் என்ற கணக்கு. நல்ல கணக்குதான், காலம் மட்டும் கடந்துவிட்டது. அந்தத் துப்பாக்கிகள் தடுத்திருக்க வேண்டியது எதுவோ, அது 26 ஆண்டுகளில் நடந்தே தீர்ந்தது.

குன்றிலிருந்து இறங்கி மதில் வழியே தெற்கே வந்தால் பாப் பூஜ்லூத். ஃபெஸ் பற்றிய எந்தப் படத்திலும் வரும் நீல வாசல். வெளிப்பக்கம் நீல ஓடு, உட்பக்கம் பச்சை ஓடு. பல நூற்றாண்டுப் பழமை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கட்டியது 1913இல் பிரெஞ்சு நிர்வாகம். பக்கத்தில் யாரும் ஏறிட்டுப் பார்க்காமல் நிற்கும் சிறிய, வளைந்து நுழையும் வாசல்தான் பழையது. எதிரிப் படை நேராகப் பாய்ந்து வர முடியாதபடி அந்த வளைவு. புதிய ஆட்சிக்கு அந்தக் கவலை இல்லை. நேராக நுழையும் வழி தேவைப்பட்டது, கட்டிக்கொண்டது.

நீல வாசலுக்குள் உடனே நுழைந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே தார் பத்ஹா மாளிகை இருக்கிறது. இன்றைய நடையில் நேரம் ஒதுக்க வேண்டிய முதல் இடம்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை மதில்களாலும் தோட்டங்களாலும் இணைத்தவர் அதே முதலாம் ஹசன். அந்த இணைப்பில் எழுந்த மாளிகை இது. வெளிநாட்டுத் தூதர்களையும் விருந்தினரையும் வரவேற்கும் இடம். ஹசன் 1894இல் இறந்துபோக, மகன் அப்துல் அஸீஸ் காலத்தில் 1897இல் வேலை முடிந்தது. பெரிய செவ்வகத் தோட்டம், நடுவே நீர்த்தொட்டி, இரு முனையிலும் தூண் வரிசை கொண்ட கூடங்கள். மரங்கள் ஓங்கி வளர்ந்துவிட்டதால் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாது.

மாளிகை முடிந்து 15 ஆண்டுகூட ஆகவில்லை. 1911இல் சுற்றுப்புறக் குலங்கள் ஃபெஸ்ஸை முற்றுகையிட, சுல்தான் அப்துல் ஹஃபீஸ் பிரெஞ்சுப் படையின் உதவியை ஏற்றார். உதவிக்கு வந்தவர்கள் போகவில்லை. 1912 மார்ச் 30 அன்று ஃபெஸ் உடன்படிக்கையில் கையெழுத்தானது. மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பில் உள்ள நாடு ஆயிற்று. செய்தி வெளியே கசிந்ததும் ஏப்ரல் 17இல் சுல்தானின் சொந்தப் படை வீரர்களே கலகம் செய்தார்கள். பிரெஞ்சு அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். பழியில் பெரும்பங்கு, சம்பந்தமே இல்லாத யூதர்கள் மேல் விழுந்தது. அரண்மனை மதிலை ஒட்டியிருந்த மெல்லா என்ற அவர்களது குடியிருப்பு சூறையாடப்பட்டது, பிரெஞ்சுப் பீரங்கிக் குண்டுகளும் அதன் மேலேயே விழுந்தன. உயிர் தப்பிய ஆயிரக்கணக்கானோருக்குச் சுல்தான் தன் அரண்மனை வளாகத்தைத் திறந்துவிட்டார். காலியாக இருந்த மிருகக்காட்சிக் கூண்டுகளில்கூடக் குடும்பங்கள் தங்கின. அந்தப் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. சிங்கக் கூண்டுக்குப் பக்கத்துக் கூண்டில் பெண்களும் குழந்தைகளும்.

அடுத்த மாதமே தளபதி லியோத்தே, பிரான்சின் ஆளுநராக ஃபெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே நகரம் தாக்கப்பட்டது. இந்த ஊரில் இருந்து ஆள முடியாது என்று அவருக்குத் தெளிவாயிற்று. தலைநகர் கடற்கரையோர ரபாத்துக்கு மாறியது. ஆகஸ்டில் அப்துல் ஹஃபீஸ் பதவி விலகினார். நூற்றாண்டுகளாக வந்து போய்க்கொண்டிருந்த தலைநகர்ப் பெருமை அந்த ஆண்டோடு ஃபெஸ்ஸை விட்டுப் போனதுதான், பிறகு திரும்பவில்லை.

தலைநகர் இல்லாத ஊரில் தூதர்களுக்கு விருந்தினர் மாளிகை எதற்கு? 1915இல் தார் பத்ஹா அருங்காட்சியகம் ஆகிவிட்டது. நாடு கைமாறி மூன்றே ஆண்டு. ஊருக்கு வெளியே ஐரோப்பியருக்கான புது நகரம் திட்டமிடப்பட்டுக்கொண்டிருந்ததும் இந்தக் காலத்தில்தான். லியோத்தே பழைய ஊரை இடிக்கவிடவில்லை, அதற்காக மொராக்கோக்காரர்கள் பலர் இன்றும் அவரை மெச்சுவதுண்டு. ஆனால் அவரது காப்பாற்றலில் ஓர் ஏற்பாடு ஒளிந்திருந்தது. மின்சாரம், அகலச் சாலை, வங்கி, ரயில் எல்லாம் வெளியே புது நகரத்துக்கு. உள்ளே இருப்பவர்கள் பழையபடியே இருக்கட்டும், பார்க்க அழகாக இருக்கிறது. வாழ்ந்துகொண்டிருந்த ஊரை அழகுப் பொருளாகப் பார்க்கத் தொடங்கிய அந்தக் கண்தான் தார் பத்ஹாவையும் அருங்காட்சியகமாக்கியது என்பது என் எண்ணம்.

அந்தக் கண் வெறும் கெடுதல் மட்டும் செய்தது என்றும் சொல்லிவிட முடியாது. கைவினைகளைத் துருவித் துருவிப் பதிவுசெய்த பிரெஞ்சு அறிஞர்கள் இருந்தார்கள். ஃபெஸ் மட்பாண்டத் தொழிலைப் பற்றி அல்ஃப்ரெத் பெல் எழுதிய நூல் 1918இல் வந்தது. கோபால்ட் நீலத்தில் கோலமிட்ட ஃபெஸ் தட்டுகளும் ஜாடிகளும் இந்த மாளிகையின் சேகரிப்பில் ஏராளம். கூடவே பூத்தையல், நாணயம், வானவியல் கருவிகளான அஸ்தர்லாப்கள், கையெழுத்துச் சுவடிகள்.

அவ்வளவையும் வேகமாகப் பார்த்துக்கொள்ளலாம். நின்று பார்க்க வேண்டியவை இரண்டு மிம்பர்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இமாம் ஏறி நின்று குத்பா ஓதும் படிமேடை அது. அந்தப் பேருரையில் ஆட்சியாளரின் பெயர் சொல்லி துஆச் செய்வது அக்கால வழக்கம். யார் பெயர் சொல்லப்படுகிறதோ அவரே ஊரின் அதிபதி. நாளிதழும் வானொலியும் இல்லாத காலத்தில், ஆட்சி மாறிய செய்தியை ஊர் கேட்டது அந்தப் படியிலிருந்துதான்.

முதல் மிம்பர் ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள அந்தலூசியர் மசூதியிலிருந்து வந்தது. வயது ஆயிரத்துக்கு மேல். 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபெஸ் இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே பந்தாடப்பட்டது. கிழக்கே ஷியா பிரிவினரான ஃபாத்திமியர்கள், வடக்கே கோர்தோபாவின் சுன்னி உமையாக்கள். ஃபாத்திமியர் சார்பில் புலுக்கீன் இப்னு ஸீரி நகரைப் பிடித்தபோது, 980இல் இந்த மிம்பரைச் செய்து வைத்தார்கள். ஐந்து ஆண்டில் உமையாக்களின் படை வந்தது. எதிரி செய்த மிம்பரை எரித்திருக்கலாம். தச்சரை அழைத்தார்கள். சாய்வுப் பலகையை மட்டும் கழற்றிவிட்டு, கோர்தோபா கலீஃபா இரண்டாம் ஹிஷாம் பெயரும் அவரது அமைச்சர் அல்-மன்சூரின் பெயரும் பொறித்த புதுப் பலகையை 985இல் பொருத்தினார்கள். பக்கவாட்டுப் பலகைகள் பழையபடியே இருந்தன. பின்னாளில் வேறொரு தச்சு வேலை இவற்றையெல்லாம் மூடி மறைக்க, 20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கலை வரலாற்றாளர் ஆன்றி தெராஸ்தான் அதன் அடியிலிருந்து பழைய மரத்தைக் கண்டெடுத்தார். இரண்டு பேரரசுகள் ஒரே மரச் சாமானில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன, ஐந்து ஆண்டு இடைவெளியில்.

இரண்டாவது மிம்பர் பூ இனானியா மதரஸாவுடையது. அதன் சொந்த வீடு இங்கிருந்து சில நிமிட நடை. மிம்பரை நன்றாகப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், வீட்டைப் போய்ப் பார்ப்போம்.

நீல வாசலுக்குள் நுழைந்ததும் தெரு இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் தலா கபீரா, வலப்பக்கம் தலா ஸகீரா. இரண்டும் இறக்கமாகவே போய் ஊரின் நடுப்பகுதியைச் சேரும். இந்த ஊரில் வழி தவறினால் ஒரே விதிதான்: இறக்கம் மசூதிக்கும் ஆற்றுக்கும் கொண்டுபோகும், ஏற்றம் வாசலுக்குக் கொண்டுபோகும். சுற்றுலாப் பாதைகளுக்கென்று நிறம் பிரித்து நட்சத்திர வடிவில் பலகைகளும் மாட்டியிருக்கிறார்கள். “பாலக்” என்று பின்னாலிருந்து குரல் வந்தால் யோசிக்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கோவேறு கழுதை வருகிறது. அதற்கு நின்று வழிவிடும் பழக்கம் கிடையாது. “அந்தப் பக்கம் மூடியிருக்கிறது, நான் காட்டுகிறேன்” என்று கூடவே வரும் இளைஞர்களிடம் சிரித்துவிட்டு நேரே நடங்கள். அநேகமாக எந்தப் பக்கமும் மூடியிருக்காது.

தலா கபீராவில் சிறிது தூரத்திலேயே பூ இனானியா. 1350இலிருந்து 1355 வரை கட்டப்பட்டது. கட்டிய மரீனிய சுல்தான் அபூ இனான், தந்தையைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்தவர். தந்தை அபுல் ஹசன் துனிஸ் வரை படை நடத்திப் போய் 1348இல் கைரவான் அருகே படுதோல்வி கண்டார். அவர் இறந்தார் என்ற வதந்தியை நம்பியோ நம்பினதுபோல நடித்தோ, மகன் தானே சுல்தான் என்று அறிவித்துக்கொண்டார். உயிரோடு திரும்பிய தந்தையை மகனின் படை அட்லஸ் மலைவரை துரத்தியது. 1351இல் அவர் அங்கேயே இறந்தார். அதே ஆண்டுகளில்தான் இந்த முற்றத்தில் தேவதாரு மரமும் சுதையும் ஓட்டுச் சில்லுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. கட்டி முடித்ததும் செலவுக் கணக்கைக் கொண்டுவந்து நீட்டினார்களாம். சுல்தான் அதைப் பிரித்தும் பார்க்காமல் ஆற்றில் எறிந்துவிட்டார் என்று கதை. இப்படி வந்த ஆட்சிக்கு இப்படி ஒரு கட்டடம் அவசியம்தான்.

ஃபெஸ்ஸின் மற்ற மதரஸாக்கள் வெளியூர் மாணவர்களின் விடுதிகள், தொழுகைக்குச் சிறு கூடம் மட்டும் உண்டு. இதற்கு மினாராவும் உண்டு, ஜும்ஆத் தொழுகை நடத்தும் உரிமையும் உண்டு. அதனால்தான் மிம்பரும். ஊரில் வேறு ஒரு மசூதியில் தன் பெயர் சொல்லப்படுவது போதாதென்று, தனக்கே தனக்கென்று ஒரு மேடை செய்துகொண்டார் அபூ இனான். பத்ஹாவில் பார்த்தது அதைத்தான். முற்றத்தின் ஓரமாக ஓடும் சிறு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தொழுகைக் கூடம். முஸ்லிம் அல்லாதவர் வாய்க்காலோடு நின்றுவிட வேண்டும். தலையை மேலே தூக்கிக் கழுத்து வலிக்கும்வரை பாருங்கள். கீழே ஓடு, நடுவே எழுத்து, அதற்கு மேல் சுதை, உச்சியில் மரம். ஓட்டுச் சில்லுகள் எவையும் அச்சில் வார்த்தவை அல்ல. நிறம் ஏற்றிச் சுட்ட ஓட்டைக் கூரிய சுத்தியலால் நட்சத்திரமாகவும் பட்டையாகவும் கொத்தி எடுத்துக் கோத்தவை. அந்தத் தொழில் ஃபெஸ்ஸில் இன்றும் நடக்கிறது.

மதரஸாவுக்கு எதிர்ச் சுவரில் அண்ணாந்து பார்த்தால் வரிசையாகச் சன்னல்களும் அவற்றின் கீழே துருத்திக்கொண்டிருக்கும் மரத் தாங்கிகளும் தெரியும். 1357இல் அபூ இனான் வைத்த நீர்க்கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கதவு திறந்து, உலோகக் குண்டொன்று வெண்கலக் கிண்ணத்தில் விழுந்து ஓசை எழுப்பும் என்று குறிப்புகள் சொல்கின்றன. உள்ளே இருந்த இயந்திரம் அழிந்துவிட்டது. கடிகாரம் வைத்த அடுத்த ஆண்டே, 1358இல், சுல்தானை அவருடைய அமைச்சரே கழுத்தை நெரித்துக் கொன்றார்.

நம் வாசகர்களுக்கு அபூ இனானிடம் தனியாக ஒரு கணக்கு உண்டு. மொராக்கோவின் தான்ஜியரில் பிறந்து, 1325இல் ஊரைவிட்டுக் கிளம்பிய இப்னு பதூதா, கால் நூற்றாண்டு சுற்றிவிட்டு 1349இல் ஃபெஸ் வந்து சேர்ந்தார். பிறகு ஆப்பிரிக்கப் பாலைவனம் கடந்து மாலிக்கும் போய்வந்தார். கண்டதையெல்லாம் சொல்லச் சொல்லி, கிரனாடாவிலிருந்து வந்த எழுத்தர் இப்னு ஜுஸய்யை எழுதவைத்தவர் இந்த அபூ இனான்தான். சொல்லி முடித்தது 1355 டிசம்பரில். மதரஸா முடிந்ததும் பயண நூல் முடிந்ததும் ஒரே ஆண்டு. அந்த நூலில் மதுரை சுல்தானகம் இருக்கிறது. 1344இல் மாலத்தீவிலிருந்து இலங்கை வந்து பாவா ஆதம் மலை ஏறிவிட்டு, சோழமண்டலக் கரையருகே கப்பல் உடைந்து கரையேறியவரை வரவேற்ற கியாசுத்தீன் தம்கானி அவருக்குச் சகலை முறை. டில்லியில் இப்னு பதூதா மணந்த பெண்ணின் அக்காள் தங்கை உறவுதான் அந்தச் சுல்தானின் மனைவி. உறவுக்காரர் என்று பதூதா மூடி மறைக்கவில்லை. கியாசுத்தீன் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்றதை வெறுப்போடு பதிவு செய்திருக்கிறார். மதுரையில் அப்போது மக்களை இரண்டு மூன்று நாளில் கொன்ற கொள்ளைநோயையும் சொல்லியிருக்கிறார். மதுரை சுல்தானகத்தைக் கண்ணால் கண்டவர் விட்டுச்சென்ற விரிவான சாட்சியம் இது. அது எழுத்தில் ஏறியது வைகைக் கரையில் இல்லை, இந்த ஊரில்.

அவர் சொன்னதை அரண்மனையில் பலர் நம்பவில்லை. அள்ளி விடுகிறார் என்று முணுமுணுத்தார்கள். அப்போது இதே அரசவையில் இருந்த இளைஞர் இப்னு கல்தூனும் சந்தேகப்பட்டு, ஓர் அமைச்சரிடம் அதைச் சொல்லியிருக்கிறார். பார்க்காததை இல்லை என்று தள்ளிவிடாதே என்று அமைச்சர் புத்தி சொன்னாராம். பின்னாளில் தன் புகழ்பெற்ற முகத்திமாவில் இதை இப்னு கல்தூனே எழுதி வைத்தார். அவரையும் அபூ இனான் விட்டுவைக்கவில்லை. சதி செய்தார் என்று பிடித்துச் சிறையில் போட்டார். சுல்தான் செத்த பிறகுதான் கதவு திறந்தது.

இங்கிருந்து இறக்கம் நீளம். செருப்புக் கடை, இறைச்சிக் கடை, மசாலாக் கடை என்று கடந்து வந்து வலப்பக்கம் திரும்பினால் தச்சர்களின் சிறு சதுக்கம், ஓடு பதித்த ஒரு நீரூற்று, பக்கத்தில் நஜ்ஜாரின் ஃபுந்துக். நம்மூர்ச் சத்திரத்தையும் கிட்டங்கியையும் சேர்த்தால் எப்படியோ அப்படி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுல்தான் மௌலாய் இஸ்மாயில் காலத்தில் எழுந்தது. கீழே சரக்கும் பொதி மிருகங்களும். மேலே இரண்டு அடுக்குகளில் வெளியூர் வணிகர்களுக்கு அறைகள். முற்றத்தில் தராசு. ஒரே பெரிய வாசல், இரவில் பூட்டிவிட்டால் சரக்குக்கும் ஆளுக்கும் காவல். ரயிலும் சாலையும் வணிகத்தைக் காசாபிளாங்கா துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டபோது இங்கே அறை கேட்க ஆளில்லாமல் போயிற்று. பிரெஞ்சுக் காலத்தில் சில ஆண்டுகள் காவல் நிலையமாகவும் இருந்திருக்கிறது. 1990களில் ஒரு தனியார் அறக்கட்டளை முழுதாகச் சீரமைத்து, 1998இல் மரக்கலை அருங்காட்சியகமாகத் திறந்தது.

இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. உள்ளே இருப்பவை பெரிய பொருள்கள் அல்ல. இழைப்புளி, ரம்பம், கடைசல் எந்திரம், கதவு, பெட்டி, பள்ளிப் பிள்ளைகள் வசனம் எழுதி மனப்பாடம் செய்து கழுவிவிட்ட மரப் பலகைகள், ரபாப் வாத்தியம். அறையைவிட்டு வெளியே வந்தால் சதுக்கத்தில் அதே தொழில். திருமணத்தில் மணப்பெண்ணை உட்காரவைக்கும் அலங்காரப் பல்லக்கு இருக்கைகளை இன்றும் சந்துக்குள் செய்துகொண்டிருக்கிறார்கள். மேல்மாடியில் புதினாத் தேநீர் கிடைக்கும். கால் வலிக்கத் தொடங்கியிருக்கும், உட்காருங்கள்.

அத்தாரின் மதரஸா அடுத்தது. 1323 முதல் 1325 வரை, அபூ இனானின் பாட்டனார் அபூ ஸஈத் உஸ்மான் கட்டியது. பூ இனானியாவைவிடச் சிறியது, வேலைப்பாட்டில் அதைவிட நேர்த்தி என்பது என் தீர்ப்பு. படியேறி மாணவர் அறைகளைப் பாருங்கள். ஒரு பாயும் ஒரு விளக்கும் வைத்தால் நிறைந்துவிடும் அறை. கீழே சுல்தானின் ஆடம்பரம், மேலே ஏழை மாணவனின் வறுமை, இரண்டுக்கும் ஒரே வக்ஃபுச் சொத்து கூலி கொடுத்தது. கரவிய்யீன் கல்வி அரசுப் பல்கலைக்கழகமாக 1963இல் மாற்றி அமைக்கப்பட்டு வகுப்புகள் வெளியே போனபிறகு, இத்தகைய விடுதிகளின் தேவை பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று.

வெளியே வந்தால் கரவிய்யீன் வாசல். 859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் தன் பரம்பரைச் சொத்தைப் போட்டுக் கட்டியது என்பது வழிவழியாக வரும் வரலாறு. 20ஆம் நூற்றாண்டில் சுதைப் பூச்சுக்கு அடியில் கிடைத்த ஒரு மரப் பலகை எழுத்தோ, இத்ரீஸி இளவரசர் தாவூத் 877இல் கட்டியதாகச் சொல்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முஸ்லிம் அல்லாதவர் உள்ளே போக முடியாது. இந்தத் தடையை நாடு முழுவதற்கும் ஆணையாக்கியவர் லியோத்தேதான். தன் சிப்பாய்களும் வேடிக்கை பார்க்க வருவோரும் மசூதிக்குள் புகுந்து கலவரம் மூட்டிவிடக்கூடாது என்ற அரசியல் எச்சரிக்கை அது. பிரெஞ்சு ஆட்சி 1956இல் போன பிறகும் ஆணை வழக்கமாகத் தங்கிவிட்டது. இந்தத் தடையில் மனம் சலிப்பவர்கள் ஒன்றை யோசிக்கலாம். 1930இல், பெர்பர் மக்களை ஷரீஅத் நீதிமன்றங்களிலிருந்து பிரிக்கும் பிரெஞ்சு ஆணைக்கு எதிராக மொராக்கோ தேசியவாதம் திரண்டபோது, ஃபெஸ்ஸில் கூட்டம் கூடியது இந்த மசூதிக்குள்தான், எதிர்ப்பு தொழுகையாக எழுந்தது. காலையிலிருந்து பார்த்த கட்டடங்களில் எல்லாம் உள்ளே போனோம், ஏனென்றால் அவை வேலை இழந்தவை. இது 1,100 ஆண்டுக்கு மேலாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நுழைவுச்சீட்டு இல்லை.

சுவரை ஒட்டியே சுற்றி வந்தால் ஸஃபாரின் சதுக்கம். செம்பு அண்டாக்களைத் தட்டும் ஓசை முதலில் காதுக்கு வரும். அங்கே கரவிய்யீன் நூலகத்தின் வாசல் இருக்கிறது. 1349இல் நூலகத்துக்கு வடிவம் கொடுத்தவரும் அபூ இனானே. அவரிடம் சிறையிருந்த இப்னு கல்தூன், முதுமையில் கெய்ரோவிலிருந்து தன் வரலாற்று நூலின் கைப்பிரதியை 1396இல் இந்த நூலகத்துக்கு வக்ஃபாக அனுப்பினார். அது இங்கே இன்னும் பத்திரமாக இருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ நாலாயிரம் சுவடிகள். கட்டடத்தின் அடியில் நீர் கசிந்து சுவரையும் சுவடிகளையும் அச்சுறுத்தியபோது, 2012இல் தொடங்கிய சீரமைப்பை நடத்தியவர் ஃபெஸ்ஸில் பிறந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷவூனி. ஒரு பெண் தொடங்கியதாக நம்பப்படும் நிறுவனத்தை இன்னொரு பெண் காப்பாற்றினார் என்று செய்தித்தாள்கள் அப்போது நிறையவே எழுதின. வாசிப்பறை ஆய்வாளர்களுக்கானது. வெளியாருக்கு அனுமதி நாளுக்கு நாள் மாறும். அன்றைக்கு வாசலில் இருப்பவரிடம் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நடை இங்கே முடியலாம். இன்னும் தெம்பு இருந்தால் கிழக்கே தோல் பதனிடும் ஷவாரா தொட்டிகள் வரை போகலாம். அது அருங்காட்சியகம் இல்லை, தொழிற்சாலை. மூக்குக்குப் பிடிக்கப் புதினா இலை கொடுப்பார்கள், இலவசமாக. மேல்மாடியிலிருந்து பார்க்கவிட்டு அப்புறம் தோல் கடைக்குள் கூட்டிப்போவார்கள், அது இலவசம் இல்லை.

விடுதலைக்குப் பிறகு ஃபெஸ்ஸின் பணக்காரக் குடும்பங்கள் காசாபிளாங்காவுக்கும் ரபாத்துக்கும் போய்விட்டன. அவர்களின் பெரிய வீடுகள் அறை அறையாகக் கிராமத்து ஏழைகளுக்கு வாடகைக்குப் போயின. சுவர்கள் விரிசல் விட்டன, கூரைகள் சரிந்தன. 1980இல் யுனெஸ்கோ தலைவர் அமாது மஹ்தார் ம்போ ஃபெஸ்ஸைக் காப்பாற்ற உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார், அடுத்த ஆண்டு பழைய ஊர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதன் பிறகுதான் பணம் வந்தது, சாரம் கட்டினார்கள். இன்று நாம் சீட்டு வாங்கி நுழையும் இடங்கள் பலவும் அந்தப் பணத்தால் நிற்பவை. ஒரு முழுப் பகல் கிடைக்காதவர்களுக்கு என் பரிந்துரை: பத்ஹாவும் பூ இனானியாவும் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, இந்த வரிசையிலேயே. பத்ஹா அண்மையில்தான் நீண்ட சீரமைப்பு முடிந்து திறந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் மொராக்கோவின் அரசு அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், அன்றைக்குப் போகாதீர்கள்.

அடுத்த இதழில் மெக்னெஸ். 1672இல் பட்டத்துக்கு வந்த மௌலாய் இஸ்மாயில் ஃபெஸ்ஸையும் மராக்கேஷையும் நம்பாமல், தலைநகரை அங்கே கொண்டுபோனார்.

(தொடரும்)